கொசுவலை கட்டிய குளம்

ஏரிக்கரையில் ஒரு சின்ன மடம். மடத்துச் சாமிக்கு வயது நாற்பதுக்குள்தான் இருக்கும். அவருடைய சீடர் உண்ணாமலைக்கு அறுபது நெருங்குகிறது. கணவர் போய், மகன்களும் ஆளுக்கொரு திசையில் போன பிறகு மடத்துக்கு வந்து சேர்ந்தவர். சாமி அவரை "அம்மா" என்பார். அவர் சாமியை "சாமி" என்பார். யாருக்கு யார் பெரியவர் என்று இருவரும் கணக்குப் பார்த்ததில்லை.

மடத்துக் குளம் உண்ணாமலையின் பொறுப்பு. அவர் வந்த புதிதில் அது சேற்றுத் தண்ணீராகக் கிடந்தது.

"ஏரியிலிருந்து ஒரு குடம் சிப்பி கொண்டுவந்து விடுங்கம்மா," என்றார் சாமி.

விட்டார். சிப்பிகள் சேற்றில் பாதி புதைந்துகொண்டு, கலங்கல் தண்ணீரை உறிஞ்சித் தெளிந்த தண்ணீராக வெளியே விட்டன. கொஞ்ச நாளில் அடியில் கிடந்த கூழாங்கல்லெல்லாம் தெரிந்தது.

அன்றிலிருந்து அந்தச் சிப்பிகள் உண்ணாமலைக்குப் பிள்ளைகள் மாதிரி. ஒரு நாள் ஒரு சிப்பி வாய் திறந்து வெள்ளையாக எதையோ உமிழ்வதைப் பார்த்தார். உடனே கெண்டை மீன்கள் ஓடிவந்து மொய்த்தன. பாவிகள், குஞ்சைத் தின்ன வந்துவிட்டன என்று பதறிப்போனார். இருந்த மீன்களையெல்லாம் பழைய புடவையால் அரித்து ஏரியில் கொண்டுபோய் விட்டார். ஏரித் தண்ணீர் குளத்துக்கு வருகிற வாய்க்காலின் வாயில் தன் கொசுவலையை மடித்துக் கட்டினார்.

மீன் போனதும் குளத்தில் கொசு பெருகியது. மாலைப் பூசையில் சாமி ஒரு கையால் மணி அடிப்பார், மறு கையால் முதுகைச் சொறிவார். ஆனால் ஒன்றும் சொல்லமாட்டார்.

இப்படியே சில வருஷம் போனது.

ஒரு நாள் காலை உண்ணாமலையின் கடைசிப் பிள்ளை, மகள் வெண்ணிலா வந்தாள். நர்ஸ் படிப்பு முடித்தவள். அசாமில் ஒரு ஆற்றுத் தீவு, அதில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி. அங்கே அவளை வேலைக்குக் கூப்பிட்டிருந்தார்கள்.

"நீ சரின்னு சொன்னாத்தான் போவேன். இன்னைக்குப் பதில் சொல்லியாகணும்மா."

"பெரியவன் மஸ்கட்ல. சின்னவன் சூரத்ல. நீயாவது பக்கத்துல இருப்பேன்னு இருந்தேன். அங்க தண்ணி உனக்கு ஒத்துக்குமாடி? பாண்டிச்சேரி தண்ணிக்கே உனக்குத் தொண்டை கட்டிக்கும்."

"அது ஐஸ்கிரீமால கட்டிக்கிச்சும்மா!"

"எதுவோ ஒண்ணு. சாமியைக் கேட்போம். அவர் சொல்றபடி செய்."

வேண்டாம் என்றுதான் சாமி சொல்வார் என்று உண்ணாமலைக்கு நம்பிக்கை. இருந்தாலும் ஒரு முறை கண்ணை மூடி வேண்டிக்கொண்டார். கூடவே, சாமிக்குப் பிடித்த கேழ்வரகு அடையும் சுட்டு எடுத்துக்கொண்டார்.

சாமி அடையைச் சாப்பிட்டுக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டார். கை கழுவிவிட்டுச் சொன்னார்: "நம்ம குளத்துல கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு குட்டிச் சிப்பி எடுத்துட்டு வாங்கம்மா. அப்புறம் பதில் சொல்றேன்."

"அவ்வளவுதானா சாமி?" உண்ணாமலை புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினார். வெண்ணிலாவும் இறங்கினாள்.

தாயும் மகளும் சேற்றைத் துழாவினார்கள். உள்ளங்கை அளவில் கிடைத்தது. அதைவிடப் பெரிதாகவும் கிடைத்தது. வெண்ணிலா ஒரு முறை வழுக்கிச் சேற்றில் உட்கார்ந்தாள். "அசாம் போறவளைப் பாரு," என்று உண்ணாமலை சிரித்தார். சிரித்து முடிப்பதற்குள் அவரும் உட்கார்ந்தார்.

வெயில் ஏறியது. குட்டி ஒன்றுகூட அகப்படவில்லை.

"எல்லாம் நான் கொண்டுவந்த பழைய சிப்பிதான் சாமி. குட்டியே இல்ல."

"ஏன்?"

"அதான் எனக்கும் புரியல. மீன் வராம, வாத்து வராம, காக்கா வராமப் பாத்துக்கிட்டேனே!"

"வாங்க, ஏரிக்குப் போவோம்."

ஏரியில் மாடு குளித்துக்கொண்டிருந்தது. வாத்துகள் மேய்ந்தன. சாமி கரையோரம் ஒரு கை சேற்றை அள்ளி அலசினார். குட்டிச் சிப்பிகள் மூன்று நான்கு கையில் நின்றன. அவற்றை உண்ணாமலையின் கையில் வைத்தார்.

உண்ணாமலைக்குப் பொறுக்கவில்லை. "இதென்ன சாமி அநியாயம்! பாத்துக்க ஆளே இல்லாத இடத்துல இப்படிப் பெருகிக் கிடக்கு."

சாமி மேல்துண்டைத் தண்ணீரில் விரித்து, காத்திருந்து, ஒரு கெண்டையைப் பிடித்தார். அதன் செவுள் மூடியை மெல்லத் தூக்கிக் காட்டினார். சிவந்த செவுளில் கோலமாவு தூவியது போல வெள்ளைப் புள்ளிகள்.

"என்ன சாமி இது?"

"சிப்பிக் குஞ்சு."

"ஐயோ, தின்னுடுச்சா?"

"இல்லம்மா. ஏறிக்கிட்டுப் போகுது." சாமி மீனைத் தண்ணீரில் விட்டார். அது விர்ரென்று ஆழத்துக்குப் போனது. "தாய்ச் சிப்பி குஞ்சுகளைத் தன் செவுளுக்குள்ளயே வெச்சுக் காப்பாத்தும். நேரம் வந்ததும், மீன் பக்கத்துல வரும்போது வெளிய விடும். அதுங்க மீனைப் பிடிச்சுக்கும். கொஞ்ச நாள் அதோட சுத்தி வளரும். ஓடு உறுதியானதும் கீழ உதிரும்."

"எங்க உதிரும்?"

"தாய்க்குத் தெரியாது."

"மீன் வரலன்னா?"

"தாய் பக்கத்துலயேதான் விழும்."

"அப்புறம்?"

சாமி ஏரியைப் பார்த்தார். "நம்ம குளத்துல வருஷா வருஷம் விழுந்துக்கிட்டுத்தான் இருந்திருக்கும்மா."

உண்ணாமலை கையிலிருந்த குட்டிச் சிப்பிகளைப் பார்த்தார். பிறகு குனிந்து, அவற்றை எடுத்த இடத்திலேயே விட்டார். மூவரும் மடத்துக்குத் திரும்பினார்கள்.

உண்ணாமலை வாய்க்கால் வாயில் போய் உட்கார்ந்து வலையை அவிழ்க்கத் தொடங்கினார். முடிச்சுகள் ஊறி இறுகியிருந்தன. நகத்தாலும் பல்லாலும் இழுத்தார். கடைசி முடிச்சில் கை நின்றது.

"சாமி, போய் விழுற இடத்துல தண்ணி எப்படி இருக்குமோ?"

"கலங்கலாத்தான் இருக்கும். தெளிய வைக்கத் தெரிஞ்சதுதானேம்மா போகுது."

உண்ணாமலை குனிந்து முடிச்சைப் பல்லால் கடித்து இழுத்தார். முடிச்சு அவிழ்ந்தது. வாய்க்கால் தண்ணீர் சலசலவென்று உள்ளே பாய்ந்தது.

அவர் வலையைச் சேறு போக அலசி, பிழிந்து, மகளிடம் நீட்டினார்.

"ஆத்தோரம் கொசு இருக்கும். எடுத்துட்டுப் போ."

வெண்ணிலா அதை விரித்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "எவ்ளோ ஓட்டைம்மா இதுல!"

"இத்தனை வருஷமா ஒரு மீன் நுழையல, கொசு நுழைஞ்சிடுமா? கொண்டா. உன் பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருக்கு. தைச்சுத் தரேன்."