கடைசிக் கைக்கு வராத அப்பம்

தீர்ப்புச் சொல்வதில் கெட்டிக்காரர்கள் என்று பெயரெடுத்தவர்களே, இந்த வழக்கை முழுக்கக் கேட்டுவிட்டு அப்புறம் வாயைத் திறவுங்கள்.

திருநெல்வேலிச் சீமையில் ஆலடிக்குடியிருப்பு என்றொரு ஊர். அவ்வூர்த் தேவாலயத்தில் பஞ்ச காலத்திலிருந்து ஒரு வழக்கம் உண்டு. நற்கருணை என்னும் திருவிருந்துக்குப் பீடத்தின் முன் வரிசையாக முழங்காலிடுகிறவர்கள், ஐயர் என்று அவர்கள் அழைக்கும் போதகர் கொடுக்கும் அப்பத்தை உடனே வாயில் போடமாட்டார்கள். உள்ளங்கையில் ஏந்திக் காத்திருப்பார்கள். கடைசிக் கைக்கும் அப்பம் வந்த பிறகே எல்லாரும் சேர்ந்து உண்பார்கள். ஐயர் ஆசீர்வாதம் சொன்னதும் சேர்ந்தே எழுவார்கள். ஓய்வுநாள் பள்ளியில் முப்பது வருஷமாகப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவர் தவமணி டீச்சர். சபைச் செயலாளரும் அவர்தான். அவர் பேச்சுக்கு ஐயரே மறுபேச்சுப் பேசமாட்டார்.

சபையார் நன்றி சொல்லி எழுதிப் போடும் ஸ்தோத்திரக் காணிக்கை உறைகளை மைக்கில் வாசிப்பதும் டீச்சர்தான். ஒரு ஞாயிறு, "இணைந்து வாழ்ந்த பத்து ஆண்டுகளுக்காகக் கர்த்தருக்கு நன்றி. அருமைநாயகம், எட்வின்" என்று கடகடவென்று வாசித்துவிட்டு, அடுத்த உறையை எடுத்தவர் அப்படியே நின்றுவிட்டார். அருமைநாயகம் அவரிடம் படித்தவன், கோயிலில் ஆர்கன் வாசிக்கிறவன். எட்வின் அவனோடு ஒரே வீட்டில் இருக்கும் கம்பவுண்டர். சிநேகிதர்கள் என்றே ஊர் நினைத்திருந்தது. அதற்குள் சபையார் வழக்கம்போல் "ஆமென்" சொல்லி முடித்திருந்தார்கள். சொன்ன ஆமெனைத் திரும்ப வாங்க முடியுமா?

டீச்சரை அவமானம் பிடுங்கித் தின்றது. அந்த வாரமே கமிட்டியைக் கூட்டி, அவ்விருவருக்கும் இனி நற்கருணை இல்லை என்று தம் கைப்படத் தீர்மானம் எழுதினார். "என் கையால் அவர்களுக்கு அப்பம் கொடேன்" என்று கிருபாகரன் ஐயரை வேதப்புத்தகத்தின்மேல் சத்தியம் செய்யவும் வைத்தார்.

இரண்டு வருஷம் போயிற்று. ஆர்கனுக்கு வேறு ஆள் கிடைக்காததால் அருமைநாயகம் வாசித்துக்கொண்டுதான் இருந்தான். திருவிருந்துப் பாட்டு முடிந்ததும், வெளியே வேப்பமரத்தடியில் காத்திருக்கும் எட்வினோடு போய் நிற்பான்.

ஓர் ஈஸ்டர் காலை, கடைசி வரிசை முழங்காலிட்டபோது ஆர்கன் பாதியில் நின்றது. அருமைநாயகம் எழுந்து வந்து டீச்சருக்கு அடுத்தாற்போல், கடைசி ஆளாக முழங்காலிட்டான். டீச்சர் கையில் அப்பத்தை வைத்த ஐயர் ஒரு கணம் நின்றார். பிறகு அவனைத் தாண்டிப்போய்த் தட்டைப் பீடத்தில் வைத்து மூடினார். சத்தியத்தைக் காப்பாற்றிவிட்டார். ஆனால் ஆசீர்வாதம் சொல்லவில்லை. பீடத்தின் முன்னே தாமும் முழங்காலிட்டுச் சும்மா இருந்துவிட்டார்.

பதினொரு கைகளில் அப்பம் இருந்தது. பன்னிரண்டாவது கை வெறுமையாக நீண்டிருந்தது.

யாராவது வாயில் போட்டுவிடுவார்கள் என்று டீச்சர் எதிர்பார்த்தார். ஓரக்கண்ணால் பார்த்தார். தீர்மானத்தில் கையெழுத்துப் போட்டவர்கள் மூன்று பேர் அதே வரிசையில் இருந்தார்கள். அவர்களும் சின்ன வயதில் அவர் சொல்லிக்கொடுத்தபடியே உள்ளங்கையை விரித்துக் காத்திருந்தார்கள். ஒருவரும் அசையவில்லை. இவ்வளவு பெரிய காரியத்தையா இத்தனை காலம் விளையாட்டுப்போலச் சொல்லிக்கொடுத்தோம் என்று டீச்சருக்கு அப்போதுதான் உறைத்தது.

தம் அப்பத்தைப் பிட்டுப் பாதியை அருமைநாயகத்திடம் நீட்டினார். "இந்தாய்யா, வாங்கிக்கோ."

அவன் இரண்டு கையாலும் வாங்கினான். கண்ணீர் தாரை தாரையாக ஓடியது. ஆனால் வாயில் போடவில்லை. அந்தத் துண்டை இன்னொரு தரம் பிட்டு வைத்துக்கொண்டான்.

"டீச்சர், எட்வின் வெளிய நிக்கான்."

கொடுத்ததை வாங்கித் தின்னத் தெரியாதவன் என்று டீச்சருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. வரிசை இன்னும் காத்திருந்தது. அவர் மெல்ல வாசல் பக்கம் திரும்பி, வகுப்பில் பேர் கூப்பிடும் குரலில், "எட்வின்! உள்ள வாய்யா. ஒனக்காகத்தான் எல்லாரும் காத்துக் கெடக்கோம்" என்றார்.

வெறுங்காலோடு எட்வின் அத்தனை நீளக் கோயிலையும் நடந்து வந்தான். சபை முழுதும் தானாக எழுந்து நின்றது. பதின்மூன்று பேரும் சேர்ந்து உண்டார்கள். ஐயர் எழுந்து ஆசீர்வாதம் சொன்னார்.

இப்போது சொல்லுங்கள். சத்தியத்தையும் மீறாமல், வரிசையையும் எழுப்பாமல் இருந்த ஐயரா, தாம் எழுதிய தீர்மானத்தைத் தாமே மீறிய டீச்சரா, இரண்டு வருஷம் கழித்துக் கைக்கு வந்ததை உண்ணாமல் வைத்திருந்த அருமைநாயகமா? மூவரில் யார் செய்தது பெரிது?

விடை: ஊரார் டீச்சர் என்றார்கள். டீச்சர் ஒத்துக்கொள்ளவில்லை. "பூட்டுனவ தொறந்தா அதுல என்ன பெரும?" என்று கேட்டார். அவர் சொன்னதே சரி. ஐயர் வழியை மறிக்காமல் இருந்தார், அவ்வளவுதான். அருமைநாயகம் அந்தத் துண்டை உண்டிருந்தால், ஒருவனுக்கு டீச்சர் இரக்கப்பட்டு இட்டதோடு காரியம் முடிந்திருக்கும். எட்வின் மரத்தடியிலேயே நின்றிருப்பான். தனக்கு மட்டும் கிடைத்ததைப் போதாது என்று சொல்ல அவனுக்குத்தான் துணிவு இருந்தது. தீர்மானத்தைக் கமிட்டி இன்னும் ரத்து செய்யவில்லை. ஐயர் இப்போதும் அவ்விருவரையும் தாண்டித்தான் போகிறார். ஆனால் அவர்களுக்குப் பக்கத்தில் முழங்காலிட ஆட்கள் முண்டியடிக்கிறார்கள்.