தங்கச் சட்டத்துக்குள் ஒரு மலை

கடைசியில் சிரிப்பு உண்டு. இப்போதே கேட்டால் கிடைக்காது. முதலில் ஹால்ஃபோர்டு துரையைப் பார்த்துக் கொஞ்சம் பரிதாபப்படுங்கள்.

துரை இங்கிலாந்தில் மழை ஓயாத ஏதோ ஓர் ஊரில் பிறந்தவர். மலை, மரம், மேகம், தண்ணீர் தவிர வேறொன்றும் வரையமாட்டார். மனிதர் வந்தால் எறும்பளவு. கப்பலேறிச் செங்கானூர் அரண்மனைக்கு வந்து, தாழங்குடைக்குக் கீழே உட்கார்ந்து, மூக்குத் தோல் உரிய உரிய ராஜாவின் மலையை வரைந்தார்.

படம் முடிந்ததும் பிரதானி சிற்றம்பலம் வருவார். 'க்கும்' என்று கனைப்பார். மலை கோணல் என்பார். பச்சை போதாது என்பார். மறுபடி வரைந்தால் பச்சை கூடிப்போச்சு என்பார். அவர் கனைத்தால் ராஜாவும் கனைப்பார். ஒருநாள் ராஜாவுக்குப் பொறுமை போய்விட்டது. நாளை குற்றமில்லாத படம் வரவேண்டும், இல்லாவிட்டால் எல்லாப் படமும் வெந்நீர் அடுப்புக்கு, துரை கப்பலுக்கு என்று உத்தரவானது.

துரை அழாத குறையாக அரண்மனை விகடன் அளகேசனிடம் வந்தார்.

"மலை சரி. என் கண் சரி. பிரதானி கண் மட்டும் சரி இல்லை."

"ஒரு தங்கச் சட்டத்தைக் குடுத்துட்டுப் போய்த் தூங்குங்க, துரை."

அப்புறம் அளகேசன் சபைக்குப் போய்ப் பந்தயம் கட்டினான். நாளைய படத்தில் குற்றம் இருந்தால் தன் மீசையும் அடுப்புக்கு. இல்லையென்றால் பிரதானி இனி எந்தப் படத்தைப் பார்த்தும் வாய் திறக்கக்கூடாது. ராஜா சம்மதித்தார். பிரதானி அப்போதே நாவிதனுக்கு ஆள் அனுப்பிவிட்டார்.

மறுநாள் உச்சிவேளை. இடம் பழைய ஆயுதசாலை. பிரதானி அங்கே எட்டிப் பார்த்ததே இல்லை. உள்ளே இருட்டு. சுவரில் தங்கச் சட்டம், அதன்மேல் பட்டுத் திரை, எதிரே குறுக்காக ஒரு கயிறு. துரையின் எண்ணெய்ச் சாயம் காய வாரக்கணக்காகும். முன்பு ஒருமுறை தொட்டுப் பார்த்து வேட்டியெல்லாம் நீலமாக்கிக்கொண்ட பிரதானி, கயிற்றுக்கு இப்பாலேயே பத்திரமாக நின்றார்.

திரை விலகியது. மலை. குளம். படுத்திருக்கும் எருமை. கரையில் முதுகு காட்டி, தூண்டில் போட்டு, ஆடாமல் அசையாமல் ஓர் ஆள்.

ராஜா சட்டென்று ஏதோ சொல்ல வாயெடுத்தார். அளகேசன் கண்ணைச் சிமிட்டினான்.

"க்கும். மலை வழக்கம்போலக் கோணல். எருமை கட்டையிலே செஞ்சாப்லே இருக்கு. உயிரே இல்லே."

"அந்த ஆள், ஐயா?"

"அவனா? மகா மோசம். தலை சுரைக்காய், முதுகு நெல்மூட்டை. மகாராஜா, இப்படி ஒரு ஜென்மம் நம்ம சீமையிலேயே கிடையாது. துரை மனுஷனையே பார்த்ததில்லை போலிருக்கு."

ராஜா மேல்துண்டை வாயில் திணித்துக்கொண்டார்.

அந்த ஜென்மம் தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு எழுந்தது. தினமும் அந்நேரத்தில் செய்வதுபோல அரண்மனையைப் பார்த்துத் திரும்பிக் கத்தியது.

"அத்தான், பசிக்குது. அக்கா சோறு போட்டு வெச்சிருக்கும். வரீங்களா?"

"இதோ வரேன்டா மருதையா" என்று பழக்கதோஷத்தில் குரல் கொடுத்தார் பிரதானி.

கொடுத்துவிட்டுப் படத்தைப் பார்த்தார். சட்டத்தைப் பார்த்தார். படத்துக்குள்ளிருந்து குளத்துக் காற்று வந்து அவர் குடுமியை ஆட்டியது. 'க்' என்று கனைக்க ஆரம்பித்தவர், பந்தயம் ஞாபகம் வந்து வாயை மூடிக்கொண்டார்.