கைக்கெட்டும் தூரத்தில் விழுந்தவர்

"எனக்கு இது வராது மாஸ்டர்," என்றார் வைத்திலிங்கம்.

தரையில் உட்கார்ந்தபடிதான் சொன்னார். அப்போதுதான் விழுந்திருந்தார்.

"வரும் சார்."

"சிக்னல் கிடைக்காம அவுட்டர்லயே நிக்கிற கூட்ஸ் வண்டி மாதிரி ஆயிட்டேன்."

மாஸ்டர் சிரித்துக்கொண்டே கை நீட்டினார். வைத்திலிங்கம் அதைப் பிடித்து எழுந்தார். எழுந்த பிறகும் கொஞ்ச நேரம் பிடித்திருந்தார்.

மாஸ்டர் இம்தியாஸுக்கு வயது இருபத்து நான்கு. சீடருக்கு அறுபத்தொன்று. தகப்பன்சாமி கதை சுவாமிமலையில்தான் நடக்க வேண்டுமா என்ன, பொன்மலை ஸ்கேட்டிங் தளத்திலும் நடக்கும்.

வைத்திலிங்கம் ரயில்வேயில் கார்டாக இருந்தவர். சரக்கு வண்டியின் கடைசிப் பெட்டியில் தன்னந்தனியாக உட்கார்ந்து, ஒரு கையில் விசிலும் ஒரு கையில் பச்சைக் கொடியுமாக வேலைக்காலத்தை முடித்தார். பிள்ளை இல்லை. மனைவியும் போய்ச் சேர்ந்துவிட்டாள். வீட்டில் டிவி பேசும், இவர் கேட்பார்.

ஒரு நாள் சாயங்காலம் நடக்கப் போனவர், காலில் சக்கரம் கட்டிக்கொண்டு ஓடும் பிள்ளைகளைக் கம்பிவேலிக்கு வெளியே நின்று பார்த்தார். ஒரு குழந்தை தடுமாறியது. மாஸ்டர் அதன் கையைப் பிடித்துக்கொண்டார்.

மறுநாளே அந்த வகுப்பில் சேர்ந்துவிட்டார்.

அந்தத் தளத்தில் ஒரு வழக்கம் உண்டு. புதிதாக வருகிறவர்களுக்கு வெள்ளைக்கோட்டுக்கு உள்ளே, உள்வட்டம். அங்கே விழுந்தால் மாஸ்டர் வந்து தூக்கிவிடுவார். விழாமல் ஒரு சுற்று வந்துவிட்டால் வெளிவட்டம். வெளிவட்டத்துக்குப் போனவர்களை மாஸ்டர் தொடமாட்டார். விசில் மட்டும் ஊதுவார்.

கூடச் சேர்ந்த வாண்டுகள் எல்லாம் வெளிவட்டத்துக்குப் போய்விட்டன. உள்வட்டத்தில் வைத்திலிங்கம் ஒருவர்தான்.

"தாத்தா, முட்டியை மடக்குங்க!" என்று கத்திக்கொண்டே ஒரு பெண்குழந்தை பறந்தது.

மடக்கித்தான் இருந்தார். நன்றாகவே ஓட்டினார். ஆனால் ஒவ்வொரு முறையும் முக்கால் சுற்று வந்து, மாஸ்டர் நிற்கிற வளைவுக்கு வந்ததும் விழுந்தார்.

ஒரு நாள் அவர் விழுந்தபோது மாஸ்டர் கை நீட்டவில்லை.

வைத்திலிங்கம் காத்திருந்தார். பிறகு தானே கையைத் தூக்கிக் காட்டினார்.

"மாஸ்டர்... கை."

"அடிபட்டுச்சா சார்?"

"இல்ல."

"எப்படிப் படும்? முட்டி பேடு மேல, கையை விரிச்சு, எவ்வளவு பதமா விழுறீங்க. நிஜமா விழுறவங்க கன்னாபின்னான்னு விழுவாங்க. விழுறப்போ தரையைப் பாப்பாங்க."

"நான்?"

"நீங்க என்னைப் பாக்குறீங்க."

வைத்திலிங்கம் தூக்கிய கையை இறக்கிக்கொண்டார்.

"நேத்து நான் வளைவுல நிக்கல. தண்ணித்தொட்டி பக்கம் போய் நின்னேன். நீங்க வளைவைத் தாண்டி, அங்க வந்து விழுந்தீங்க."

காலில் சக்கரம் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. அது நிற்கும்வரை அதையே பார்த்தார்.

"தப்புதான் மாஸ்டர்."

"தப்புன்னு யார் சொன்னா? ஏன்னு கேக்குறேன்."

"சொன்னா சிரிப்பீங்க."

"சிரிக்கல, சொல்லுங்க."

"மாசத்துக்கு ஒரு தடவை முடிவெட்டுறவர் தலையைத் தொடுவார். அதோட சரி. கல்யாணம் காட்சிக்குப் போனா எல்லாரும் தள்ளி நின்னு கும்பிடுறாங்க. கோட்டைத் தாண்டி அந்தப் பக்கம் போயிட்டா..." வைத்திலிங்கம் தன் உள்ளங்கையைப் பார்த்தார். "அப்புறம் யாரு மாஸ்டர் என் கையைப் பிடிக்கப்போறா?"

மாஸ்டர் சிரிக்கவில்லை. திரும்பிப் போனார்.

கோபித்துக்கொண்டுதான் போகிறார் என்று வைத்திலிங்கம் நினைத்தார். இதுவும் போச்சு என்று நினைத்தார். அழுகை வந்தது.

மாஸ்டர் வெள்ளைக்கோட்டைத் தாண்டினார். வெளிவட்டத்தின் அந்தக் கோடிக்குப் போய், தொப்பென்று உட்கார்ந்தார்.

பிள்ளைகள் எல்லாம் நின்றுவிட்டன. மாஸ்டர் விழுந்து அவர்கள் பார்த்ததில்லை.

ஒரு பையன் ஓடினான். மாஸ்டர் வேண்டாம் என்று கையசைத்தார்.

"என்ன ஆச்சு மாஸ்டர்?" என்று வைத்திலிங்கம் உட்கார்ந்த இடத்திலிருந்தே கத்தினார்.

"விழுந்துட்டேன் சார். வந்து தூக்குங்க."

"நானா?"

"வேற யாரு?"

வைத்திலிங்கம் ஒரு முட்டியை ஊன்றினார். கையை ஊன்றினார். எழுந்தார். உந்தினார். வெள்ளைக்கோடு காலுக்கடியில் போனதை அவர் கவனிக்கவில்லை. தரையில் உட்கார்ந்திருந்த மாஸ்டரை மட்டும் பார்த்துக்கொண்டே வளைவைக் கடந்தார். தண்ணித்தொட்டியைக் கடந்தார்.

போய் நின்று, கை நீட்டினார்.

மாஸ்டர் அதைப் பிடித்து எழுந்தார். பின்பக்கத்துத் தூசியைத் தட்டிக்கொண்டார்.

வைத்திலிங்கம் கீழே பார்த்தார். எங்கே வந்து நிற்கிறோம் என்று அப்போதுதான் தெரிந்தது. வழக்கம் வழக்கம்தான். கையை மெல்ல உருவிக்கொள்ளப் பார்த்தார்.

வரவில்லை.

"இது வெளிவட்டம் மாஸ்டர்."

"ஆமா."

"இங்க நீங்க விசில்தானே ஊதணும்?"

மாஸ்டர் மறுகையால் கழுத்தில் தொங்கிய விசிலை எடுத்தார்.

"அதுக்கு ஒரு கை போதுமே. கார்டா இருந்தவர், உங்களுக்குத் தெரியாதா சார்?"