குடத்துக்குள் மருமகன் பேர்

உப்பளத் தொழிலாளிகள் ஒன்றுகூடித் தங்களுக்கு வீடு கட்டக் கிளம்பினார்கள். ஊராட்சித் தலைவர் குணாளன் குறுக்கே வந்து நின்றார்.

"செங்கல் என் சூளையிலதான் எடுக்கணும். என் மருமகனுக்கும் ஒரு வீடு வேணும். இல்லேன்னா அனுமதி கிடையாது."

வந்து இறங்கிய கல் தொட்டாலே உதிர்ந்தது. தொழிலாளிகளில் ஒருத்தியாகச் சித்தாள் வேலை பார்த்த பேச்சித்தாய் தலைவரைத் தேடிப் போனாள்.

"மருமகப்பிள்ளை பேரையும் குடத்துல போட்டாச்சு, ஐயா."

"எதுக்குக் குடம்?"

"கட்டி முடிச்ச பிறகு குலுக்கி எடுத்துத்தான் யாருக்கு எந்த வீடுன்னு சொல்லுவோம். அப்பத்தான் எல்லாச் சுவரையும் தன் சுவரா நினைச்சுக் கட்டுவாங்க."

தலைவர் தாடையைச் சொறிந்தார். "அப்ப அவன் வீட்டுக்கு மட்டும் நல்ல கல்லு அனுப்புறேன்."

"எந்த வீட்டுக்கு, ஐயா?"

மறுநாளே எல்லா வீட்டுக்கும் நல்ல கல் வந்து இறங்கியது. அதன்பிறகுதான் பேச்சித்தாய் மிச்ச வழக்கத்தைச் சொன்னாள்: குடத்தில் பேர் உள்ளவர்கள் எல்லாரும் கல் சுமக்க வேண்டும்.

மருமகன் அன்றைக்கே வந்து தன் பேரை எடுத்துக்கொண்டு போனார்.