அருளப்பன் நீக்கிய பழைய பதிப்பு

“பழசை இன்னும் எத்தனை நாளைக்கு டீச்சர் சுமக்கணும்?” என்று கேட்டார் அருளப்பன்.

கேட்டவருக்கு வயது அறுபத்தொன்று. டீச்சருக்கு முப்பத்துநான்கு. பாளையங்கோட்டையில் ஒரு சைக்கிள் கடை மாடியில், லினக்ஸ் கணினிகளுக்கு மென்பொருள்களை நேரே நிறுவத் தோதாகப் பேக்கேஜ் கட்டித்தரும் வேலையை மெஹருன்னிசாவிடம் மூன்று வருடமாகக் கற்றுவருகிறார்.

அவர் பொறுப்பில் இருந்தது, இரண்டு கணினிகளின் கோப்புகளை ஒன்றுபோல வைத்திருக்கும் மென்பொருள். அதற்கு ஒரு வீம்பு உண்டு. இரு முனையிலும் ஒரே பதிப்பு இருந்தால்தான் பேசும். இல்லாவிட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

அதனால் ஒவ்வொரு லினக்ஸ் வெளியீட்டிலும் புதியதோடு பழையதையும் சேர்த்துக் கட்டுவார்கள். இந்த முறை அருளப்பன் பழையதைத் தூக்கிவிட்டார். யாருக்கு வேண்டும் என்ற நினைப்பு.

கனகசபை என்பவருக்கு வேண்டியிருந்தது. மின்னஞ்சல் எழுதியிருந்தார்.

அறுவை சிகிச்சையில் அவர் மனைவிக்குக் குரல் போய்விட்டது. போனின் சின்ன எழுத்து அந்த அம்மாளுக்குப் பிடிபடவில்லை. சொல்ல வேண்டியதையெல்லாம் வீட்டுப் பழைய கணினியில் தட்டுவார். வெளியூரில் வேலைபார்க்கும் கனகசபை இந்த மென்பொருள் வழியாகத் தன் கணினியில் படிப்பார். தன்னுடையதை அவர் இந்தப் புது வெளியீட்டுக்குப் புதுப்பித்து இன்றோடு பதினோரு நாள். அன்றிலிருந்து ஒரு வரிகூட வந்துசேரவில்லை. வீட்டுக் கணினியிலோ புதிய பதிப்பு ஓடாது.

“வீட்டுக் கணினியை மாத்திருங்கன்னு பதில் போட்டுட்டேன்,” என்றார் அருளப்பன். சொல்லும்போதே கொஞ்சம் குறுகுறுத்தது.

மெஹருன்னிசா தன் நாற்காலியைத் தூக்கி அவருக்கு இடப்பக்கம் போட்டு உட்கார்ந்தாள்.

பிறகு ஏதோ பேசினாள். உதடு அசைவது ஓரக்கண்ணில் தெரிந்தது. சொல் எதுவும் வரவில்லை.

“கேக்கல டீச்சர். இந்தக் காதுதான் மில் சத்தத்துல போச்சே. வலப்பக்கம் வாங்க.”

அவள் அங்கேயே இருந்தாள். மறுபடி உதடு அசைந்தது.

அருளப்பன் காலியாகக் கிடந்த வலப்பக்கத்தைப் பார்த்தார். அது மழைக்கு ஒழுகும் மூலை. மின்விசிறிக் காற்றும் அந்தப் பக்கம் வராது. மூன்று வருடமாக அவள் உட்கார்ந்த இடம் அது. அங்கே உட்காரச் சொல்லி இன்றைக்கு முன் அவர் கேட்டதே இல்லை. காதுக்கு மெஷின் வாங்கி மாட்டுங்கள் என்று அவளும் ஒருநாள் சொன்னதில்லை.

அவர் கணினியை முன்னால் இழுத்து, நீக்கிய பதிப்பைத் தேடியெடுத்தார்.

மெஹருன்னிசா நாற்காலியோடு தன் பழைய இடத்துக்கு வந்தாள். இரண்டு தடவை சொன்னதையே மூன்றாம் தடவையும் சொன்னாள்.

“பதினோரு நாளா அந்தக்கா பேசிக்கிட்டேதான் இருக்காங்க, அண்ணாச்சி.”