கடைப்பந்தியில் அமர்ந்த அரசன்

இந்தக் கதை எனக்கு நேராக வந்ததல்ல. கல்லூரித் தோழி ஒருத்தி, தன் மாமா சொன்னதாகச் சொன்னாள். அவள் சொன்னபடியே எழுதுகிறேன்.

வெண்ணாவல் என்றொரு நாடு, முன்னொரு காலத்தில். அதை ஆண்ட அரசன் செங்கோடன். நல்லவன்தான், ஆனால் காலையில் ஓர் ஆசை, மாலையில் வேறோர் ஆசை. தை அறுவடையில் களஞ்சியம் நிரம்பியதைப் பார்த்ததும், ஏரி நடுவே பளிங்கு மண்டபம் கட்டத் தோன்றிவிட்டது. அந்த நாட்டில் சிற்பிகளுக்கு நெல்தான் கூலி.

அமைச்சர் காரியார் வேண்டாம் என்றார். அவர் பதவிமேல் வெகுநாளாய்க் கண் வைத்திருந்த அவைக்காரன் இன்பநம்பி எழுந்தான்.

"சட்டியில் இருந்தால் அகப்பையில் வரும் என்பார்கள், மன்னா. இங்கே சட்டி வழிகிறது. அகப்பை பிடித்த கைதான் வரமாட்டேன் என்கிறது."

அவை சிரித்தது. அரசனும் சிரித்தான். ஏன் கட்டக்கூடாது என்று அறுவடை விருந்து முடிவதற்குள் காரியார் புரியவைக்க வேண்டும், இல்லையேல் அமைச்சரின் முத்திரை மோதிரம் நம்பிக்குப் போகும் என்று சொல்லிவிட்டான்.

எந்த நெல் படைக்கு, எது யானைக்கு, எது விதைக்கு என்று எத்தனையோ முறை சொல்லியாயிற்று. அரசன் காதில் ஏறவில்லை. கடைசியில் காரியார் அரசனிடம் ஒன்றே ஒன்று கேட்டார்: இந்த ஆண்டு விருந்தில் இன்பநம்பியே சோறு பரிமாறட்டும்.

அங்கே ஒரு வழக்கம். அறுவடை விருந்தில் குடிகள் முதலில் உண்பார்கள். அரசன் கடைப்பந்தியில்தான் அமர்வான். அதனால் ஆண்டுதோறும் பரிமாறும் காரியார் மொத்த இலைகளையும் எண்ணிவிட்டே அகப்பையைத் தொடுவார். நம்பி இலையைப் பார்க்கவில்லை, அண்டாவைப் பார்த்தான். கேட்டவர்க்கும் கேளாதவர்க்கும் குவித்தான். முதல் பந்தியில் பாதிச் சோறு இலையோடு வெளியே போனது.

கடைப்பந்தியில் அரசன் அமர்ந்தபோது அகப்பை அண்டாவின் அடியைச் சுரண்டியது.

காரியார் அரசன் அருகே வந்து நின்றார். பசித்த அரசனிடம் நியாயம் பேசித் தலை தப்பியவர்கள் குறைவு.

"அண்டா நிறைந்துதானே இருந்தது, நம்பி?" என்றான் அரசன்.

நம்பி மறுபடியும் அண்டாவுக்குள் எட்டிப் பார்த்தான்.

"நிறைந்துதான் இருந்தது," என்றார் காரியார் மெல்ல. "உங்கள் பங்கும் அதற்குள்தான் இருந்தது. களஞ்சியமும் அப்படித்தான், மன்னா. இப்போது அமர்ந்திருப்பது முதல் பந்தி. கார்த்திகையில், அடுத்த அறுவடைக்கு முன்னால், கடைப்பந்தி வந்து அமரும். அவர்கள் இலை இன்று கண்ணுக்குத் தெரியாது."

அரசன் தன் வெற்று இலையைப் பார்த்தான். காரியார் உள்ளே போய் ஒரு சிறு பானையைக் கொண்டுவந்தார். முதல் இலை போடுமுன் எடுத்துவைத்த சோறு.

"நம்பிக்குத் தெரியாமலா?"

"அவரிடம் சொல்லித்தான் எடுத்தேன். அதுதான் நிறைய இருக்கிறதே, இது எதற்கு என்றார்."

இந்த முறை அரசன் மட்டும் சிரித்தான். "பாதியை அவன் இலையில் போடும். அவனும் இன்று கடைப்பந்திதான். இனி ஒவ்வோர் ஆண்டும் இலை எண்ணுவது அவன் வேலை."

"மண்டபம்?" என்றார் காரியார்.

"கடைப்பந்தி உண்டு மிஞ்சினால் பார்ப்போம்."

மோதிரம் காரியார் விரலிலேயே இருந்தது.

அப்படியோர் அரசன் இருந்தானா என்று தேடினேன், கிடைக்கவில்லை. ஒன்றை மட்டும் சரிபார்த்தேன்: காரியாரின் சிறு பானையைப் போல, எதிர்பாராத செலவுக்கென்று அரசு தனியே ஒரு நிதியை வைத்துக்கொள்ள, இந்திய அரசியலமைப்பின் 267ஆம் பிரிவு வழிசெய்கிறது.