ராணியின் கழுத்தில் தொடைக்கறி

சிப்பி வாயைத் திறந்தால் பேச்சும் வந்த அந்தக் காலத்தில், மேற்கே வெகுதூரத்தில் ஒரு கடற்கரை ஊரில் லிவியா என்றொருத்தி இருந்தாள். புருஷன் படகில் போய்ச் சிப்பி அள்ளி வருவான். இவள் கத்தியால் பிளந்து குழம்பு வைத்து விற்பாள். ஒரு மழைக்காலத்தில் படகு பாறையில் மோதிப் பலகை பலகையாகப் போயிற்று. அதன்பின் அவன் இடுப்பளவுத் தண்ணீரில் துழாவி எடுப்பதுதான் அடுப்புக்கு வந்தது.

அங்கே ஒரு சிப்பி உண்டு. உப்புத் தடவி அடுப்படியில் தொங்கவிடுகிற பன்றித்தொடை மாதிரியே இருக்கும். பன்றித்தொடைக்கு அந்த ஊரில் பெர்னா என்று பெயர். சிப்பிக்கும் அதையே வைத்துவிட்டார்கள். விசிறி போல அழகான சிப்பிகளெல்லாம், "தொடைக்கறி வருது, வழி விடுங்கடி" என்று கேலி பண்ணும். பெர்னா வாயே திறக்காது.

ஒருநாள் லிவியா ஒரு பெர்னாவின் மேல் கத்தியை வைத்தபோது அது லேசாக வாய் பிளந்து பேசியது.

"அக்கா, கொஞ்சம் பொறு. உள்ளே பிள்ளை இருக்கு."

"சிப்பிக்கு ஏதுடி பிள்ளை?"

"உறுத்திக்கிட்டே கிடந்த ஒரு துணுக்கு. துப்ப முடியல. பூசிப் பூசி வளர்த்துட்டேன். முழுசாத் திறந்தா நான் செத்துப் போயிடுவேன், தெரியும். திறக்கலைன்னா அதுவும் என்னோட இருட்டிலேயே கிடக்கும். நானே திறக்கிறேன். சந்தையில கூவும்போது மட்டும் என் பேரைச் சொல்லிடு."

அந்த ஊரில் அப்படி ஒரு வழக்கம். குழந்தையோ கன்றுக்குட்டியோ, புதிதாக எது வந்தாலும், வெளியே எடுத்தவர் சந்தைக் கல்லில் ஏறித் தாயின் பெயரோடு கூவ வேண்டும்; சின்னது என்று காட்டப் பெயரை 'லா' என்று முடிப்பார்கள். கூவியது கூவியதுதான். ராணியே வந்தாலும் மாற்ற முடியாது.

"சொல்றேன்" என்றாள் லிவியா. சிப்பி தானாகவே திறந்தது. உள்ளே பட்டாணி அளவில் வெள்ளையாக ஒன்று உருண்டு கிடந்தது. நாம் முத்து என்கிறோமே, அதுதான். அன்றைக்குக் குழம்பு வைக்க அவளுக்கு மனசே வரவில்லை.

சேதி அரண்மனைக்கு எட்டி, ராணியின் தோழி வந்து நின்றாள். கரையில் கிடைக்கும் மின்னுகிற பொருளெல்லாம் அரண்மனைக்கு. அதில் தகராறு இல்லை. தகராறு பெயரில் வந்தது.

"கீழ்க்கடல்லேருந்து கப்பல்ல வர்ற மணி மாதிரியே இருக்கு. அதை நாங்க மர்கரித்தான்னு சொல்வோம். நீயும் அப்படியே கூவிடு."

"இதைப் பெத்தவ பேரு பெர்னாம்மா."

"பைத்தியமா உனக்கு? ராணி கழுத்துல பன்றித்தொடையா தொங்கும்? மர்கரித்தான்னு கூவு. நாளைக்கே உன் வாசல்ல புதுப் படகு நிக்கும்."

படகு என்றதும் லிவியா திரும்பிப் பக்கத்தில் நின்ற புருஷனைப் பார்த்தாள். புருஷனின் பாதங்கள் பாறையில் கிழிந்து உப்பில் வெந்து கிடந்தன.

"செத்த சிப்பி வந்து கேக்கவா போகுது?" என்றான் அவன், அவள் முகத்தைப் பார்க்காமல்.

லிவியா கல்லில் ஏறினாள். "மர்..." என்று தொடங்கியும்விட்டாள். கத்தி பிளக்கும் முன்னே தானாகத் திறந்த சிப்பியின் நினைப்பு வந்தது. அவளுக்கு அழுகை முட்டியது. அழுகையோடேயே கூவினாள்:

"பெர்னா பெத்த பிள்ளை! சின்னப் பெர்னா! பெர்லா!"

சந்தையே சிரித்தது. மீன்காரிகள் சிரித்துக்கொண்டே கூடச் சேர்ந்து கூவினார்கள். தோழி முத்தைப் பிடுங்கிக்கொண்டு போனாள். படகு வரவில்லை. புருஷன் அன்று சாப்பிடாமல் படுத்துக்கொண்டான். விடிந்ததும் கூடையோடு தண்ணீரில் இறங்கினான்; இவளும் கூடவே இறங்கினாள்.

அரண்மனைக்காரர்கள் மர்கரித்தா, மர்கரித்தா என்று சொல்லிப் பார்க்காமல் இல்லை. அது கிரேக்கர் வாயில் தங்கியது. வேறு ஊர்களில் பெண்பிள்ளைகளுக்குப் பெயராகப் போனது. ஆனால் ஊர் ஊராகப் பரவியது மீன்காரிகள் கூவியதுதான்.

அன்றைக்கு ஆரம்பித்ததுதான், இத்தாலிக்காரர் பெர்லா என்பதும், பிரெஞ்சுக்காரர் பெர்ல் என்பதும், ஆங்கிலேயர் பேர்ல் என்பதும். எந்த மகாராணி அதைக் கழுத்தில் போட்டுக்கொண்டாலும், அந்தத் தொடைக்கறிச் சிப்பியின் பெயரையும் சேர்த்துத்தான் போட்டுக்கொள்கிறாள்.